கையிலை தராத அக்கா

அவவின்ர பேரை நான் இதிலை எழுதமாட்டன். எழுதினால் அவ இப்ப போயிருக்கிற ரொறொன்ரோவிலையிருந்து போன் வரும், "ஆரைக் கேட்டு என்னைப்பற்றி எழுதினனீ" எண்டு. அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் நான் பேச்சு வாங்கவேணும். லண்டன் இல்ஃபோர்டிலை எங்கட மாடிக் கட்டிடத்திலை எல்லாருக்கும் அவ மேல்வீட்டக்கா. அவ இஞ்சை இருந்த காலத்திலை எங்கட வீட்டுக்கு நேர் மேலைதான் அவவின்ர வீடு, என்ர குசினிக்கு நேர் மேலைதான் அவவின்ர குசினி. அவ தேங்காய் துருவிற சத்தத்திலைதான் எனக்கு விடியும்.

நாங்கள் அந்த வீட்டுக்கு வந்த முதல் தைப்பொங்கலுக்கு நான் ஒரு கிண்ணத்திலை பொங்கல் எடுத்துக்கொண்டு மேலை போனன். கதவைத் திறந்து சிரிச்சா. நான் கிண்ணத்தை நீட்டினன். அவ கையை நீட்டேல்லை. வாசலிலை சப்பாத்துகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலை ஒரு சின்ன ஸ்டூல் கிடந்தது. "அதிலை வையும் பிள்ளை" எண்டா.

எனக்குக் கோவம் உச்சியிலை ஏறிச்சுது. யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இதுக்கு என்ன அர்த்தம் எண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. என்ர கையாலை வாங்கினால் இவவுக்கு என்ன குறைஞ்சுபோம்? அப்பிடிப் பெரிய ஆள் எண்டால் இவ எந்த ஊர், எந்தக் குறிச்சி? கிண்ணத்தை டக்கெண்டு ஸ்டூலிலை வைச்சுப்போட்டுத் திரும்பினன். "பொறும் பிள்ளை" எண்டு பின்னாலை சத்தம் கேட்டுது. திரும்பிப் பாத்தால், மனுசி கிண்ணத்தை எடுத்து வாசலிலை நிண்டபடியே பொங்கலைக் கிள்ளி வாயிலை போட்டுக்கொண்டு நிக்கிறா. "கஜு நல்லாய்ப் போட்டிருக்கிறீர். சக்கரைதான் கொஞ்சம் காணாது" எண்டா.

சாதி பாக்கிற மனுசி வாசலிலை நிண்டு விரலை நக்குவாவோ? அந்தக் கோவம் அதோடை போச்சுது. சக்கரை காணாது எண்ட கோவம்தான் மிச்சம், அது இன்னும் போகேல்லை.

பிறகுதான் விளங்கினது, மனுசி ஒரு ஆளின்ர கையிலையும் ஒண்டும் குடுக்கமாட்டா, ஒரு ஆளின்ர கையிலையிருந்தும் ஒண்டும் வாங்கமாட்டா. உப்பையும் எண்ணெயையும் கையிலை குடுத்தால் சண்டை வரும் எண்டு எங்கட வீட்டிலும் சொல்லுவினம், எல்லார் வீட்டிலும் சொல்லுவினம். மற்றவை உப்போடை நிப்பாட்டிப்போடுவினம். அக்கா எல்லாத்துக்கும் அந்தச் சட்டத்தை வைச்சிருந்தா. வீட்டுச் சாவி, ரீவி ரிமோட், தேத்தண்ணி, கோயில் மோதகம், எதெண்டாலும் முதல் ஒரு இடத்திலை வைப்பா. வைச்சுப்போட்டுக் கையை எடுத்திடுவா. மற்ற ஆள் தானாய் எடுக்கவேணும். எடுக்குமட்டும் பேசாமல் பாத்துக்கொண்டிருப்பா.

"ஏனக்கா இப்பிடி?" எண்டு கேட்டன்.

"கை மாறேக்கைதான் பிள்ளை சாமான் விழும். குடுக்கிறவள் அவள் பிடிச்சிட்டாள் எண்டு விடுவாள். வாங்கிறவள் இவள் இன்னும் விடேல்லை எண்டு நிப்பாள். நடுவிலை ஒருத்தரும் இல்லை."

இதுக்குப் பின்னாலை ஏதோ பெரிய கதை இருக்கும், சண்டைக்காலத்திலை இடம்பெயரேக்கை ஏதும் நடந்திருக்கும் எண்டு நான் கனநாள் துருவிப் பாத்தன். ஒண்டும் வரேல்லை. கடைசியிலை வாய்விட்டே கேட்டன். "அம்மா அப்பிடிச் செய்தவ, நானும் செய்யிறன். உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கதை வேணுமோ?" எண்டு சொல்லிப்போட்டு வெங்காயம் வெட்டப் போட்டா.

இதாலை எனக்குக் கை சுட்ட கதையும் உண்டு. கௌரி விரதம் முடிஞ்ச அண்டு அவவின்ர குசினியிலை ரெண்டு பேரும் சமைச்சம். நான் கொதிக்கிற சோத்துப்பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பினன். துணி நழுவிச்சுது. "அக்கா, பிடியுங்கோ" எண்டன். அவ பிடிச்சாவோ? இல்லை. மேசையிலை கிடந்த வாழைப்பழத்தையும் மரக்கறியையும் தள்ளி இடம் பண்ணுறா. "இதிலை வை" எண்டா. வைச்சன், வைச்சுப்போட்டு விரலைத் தண்ணிக் குழாய்க்குக் கீழை பிடிச்சபடி வாயிலை வந்ததெல்லாம் பேசினன். எல்லாத்தையும் கேட்டா. "பானை விழேல்லை தானே" எண்டா. அந்த மனுசியோடை கோவிச்சுக்கொண்டு இருக்கிறதும் கஷ்டம்.

என்ர மகளின்ர பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியிலை எல்லாரும் ஒருத்தர் கையிலையிருந்து ஒருத்தர் பிள்ளையை வாங்கி வாங்கிக் கொஞ்சினம். இவவின்ர முறை வந்தது. "கட்டிலிலை கிடத்துங்கோ, நான் எடுக்கிறன்" எண்டா. மருமகன் என்ர முகத்தைப் பாத்தார். நான் வேறை பக்கம் பாத்தன்.

சொல்லுற கதையும் அப்பிடித்தான். ஒரு கெட்ட செய்தியோ ஒரு புத்தியோ சொல்ல வந்தால் நேரடியாய் உங்கட தலையிலை கொட்டமாட்டா. "பிள்ளை, ஒரு விஷயம் கிடக்கு. இஞ்சை வைக்கிறன். வேணுமெண்டால் எடு" எண்டு தொடங்குவா. சொல்லிப்போட்டு எழும்பிப் போயிடுவா. அந்த விஷயம் பிறகு என்ர வீட்டிலை ஒரு கிழமை கிடந்து என்னைப் பாக்கும்.

அப்பிடி அவ வைச்ச ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னனான்.

என்ர மனுசன் பேக்கரிப் பாண் ஏத்திற வான் ஓடினவர். பார்க்கிங், ஃபாரஸ்ட் கேட் எண்ட ஊர்ப்பக்கக் கடைகளுக்கெல்லாம் அவர்தான் பாண் போடுறது. ஒரு மாரியிலை பாரிசவாதம் வந்து விழுந்திட்டார். கடவுள் புண்ணியம், பேச்சு வந்தது, கால் வந்தது. வலது கை மட்டும் அரைவாசி வந்து நிண்டுபோச்சுது. பொத்த ஏலும், திறக்க ஏலாது. ஒருநாள் குளியலறைக் கதவின்ர கைபிடியைப் பிடிச்சுப்போட்டு விடேலாமல் உள்ளுக்கை நிண்டிட்டார். நான் போய் ஒவ்வொரு விரலாய்ப் பிரிச்சு எடுத்தன். பிரிக்கேக்கை அவர் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டார். அண்டைக்குப் பிறகு அந்தக் கை ஜக்கற் பொக்கற்றுக்குள்ளை போச்சுது. வீட்டுக்குள்ளையும் ஜக்கற். சாப்பிடேக்கையும் ஜக்கற்.

பயிற்சி குடுக்க வந்த பிள்ளை தெளிவாய்ச் சொல்லிப்போட்டுது. இப்ப பாவிச்சால் வரும், பாவிக்காட்டி இப்பிடியே நிண்டிடும், நாள் போகப் போகக் கஷ்டம். அவர் ஓம் ஓம் எண்டு தலையாட்டினார். அந்தப் பிள்ளை வாசலைத் தாண்டுமட்டும்தான் கை வெளியிலை இருந்தது.

எங்கட ஆக்களுக்கு வலக்கை இல்லாமல் ஒண்டும் இல்லைத் தானே. ஐயர் விபூதி தந்தால் வலக்கையாலை வாங்கவேணும். கலியாண வீட்டிலை வெத்திலைத் தட்டு வந்தால் வலக்கை. ஒரு கடைக்காரன் சும்மா கை குடுக்க வந்தாலும் வலக்கை. இடக்கையை நீட்டிறதுக்கு வெக்கப்பட்டு மனுசன் கோயிலுக்குப் போறதை விட்டார். பிறகு கலியாண வீடுகளை விட்டார். பிறகு கீழ் ஃபிளாற்றிலை இருக்கிற அண்ணையோடை பார்க்குக்கு நடக்கப் போறதையும் விட்டார். எந்த நேரமும் ஆரோ ஏதோ நீட்டிப்போடுவினம் எண்ட பயம்.

மேலை மட்டும் போவார். எனக்கு முதலிலை ஏன் எண்டு விளங்கேல்லை. "அங்கை என்ன தேனோ வடியுது?" எண்டு பகிடி பண்ணினன். பிறகு ஒருநாள் நானும் போய் இருந்தபோதுதான் கண்டன். அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவருக்கு முன்னாலை மேசையிலை வைச்சுப்போட்டு யன்னலைத் திறக்கப் போட்டா. அவர் இடக்கையாலை எடுத்தாரோ, எடுக்காமல் விட்டாரோ, அவ பாக்கேல்லை. இந்த லண்டனிலை அவருக்கு ஒருத்தரும் ஒண்டும் நீட்டாத ஒரே வீடு அது.

நானோ, அவர் குனிஞ்சால் நான் எடுப்பன். அவர் பாத்தால் நான் கொண்டுவருவன். பொத்தான் நான் பூட்டுவன், சோறு நான் குழைச்சுக் கரண்டியும் போட்டு வைப்பன். ஒருநாள் அக்கா எங்கட வீட்டுக்கு வந்திருந்து எல்லாத்தையும் பாத்தா. போகேக்கை என்னை வாசலுக்குக் கூப்பிட்டா.

"பிள்ளை, ஒரு விஷயம் வைக்கிறன். தம்பி விழுத்த முதலே நீ பிடிக்கிறாய்."

சொல்லிப்போட்டுப் படியேறிப் போட்டா. எனக்கு வந்த கொதி கொஞ்சநஞ்சமில்லை. பக்கவாதம் வந்த மனுசனை வைச்சுப் பாக்கிறவள் நான். மேலை இருந்து தேங்காய் துருவுறவவுக்கு என்ன தெரியும்? கொஞ்ச நாள் நான் மேலை போகேல்லை, போன் எடுத்தாலும் தூக்கேல்லை.

அவவின்ர சட்டி பானைக் கதையும் அந்தக் காலத்திலைதான் தொடங்கினது. அக்கா தபால் பிரிக்கிற வேலையிலையிருந்து முழங்கால் நோவாலை பென்சன் வயசுக்கு முதலே நிண்டவ. வீட்டிலை இருக்கேலாமல், நடு லண்டனிலை இருக்கிற ஒரு பெரிய மியூசியத்திலை சும்மா வேலைக்குச் சேர்ந்தா. சம்பளம் இல்லை. அங்கை ஒரு மேசை இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ளை பூட்டி வைச்சிருக்கிற சாமானுகளிலை சிலதை வெளியிலை வைச்சு, வாற சனம் தொட்டுத் தூக்கிப் பாக்க விடுவினம். எல்லாம் பழைய கிரேக்கச் சட்டி பானை. ரெண்டாயிரத்தைந்நூறு வருசத்துச் சாமான். அந்த மேசைக்குப் பின்னாலை இருந்து சனத்துக்கு விளங்கப்படுத்திறதுதான் அக்காவின்ர வேலை.

முதல் நாள் பயிற்சி முடிஞ்சு வந்தவ தன்ர வீட்டுக்குப் போகேல்லை. நேரை எங்கட கதவைத்தான் தட்டினா. நான் கோவமாய் இருக்கிறன் எண்டதையும் கணக்கெடுக்கேல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளை, அங்கை முதலாவது சட்டம் என்ன தெரியுமோ? சாமானைக் கையிலை குடுக்கக்கூடாதாம். மேசையிலை விரிச்ச மெத்தையிலை வைக்கவேணுமாம், வந்த ஆள் தானாய் எடுக்கவேணுமாம். திருப்பியும் கையிலை வாங்கக்கூடாதாம், அவை வைக்கவேணுமாம். எங்கட அம்மாவின்ர சட்டத்தை வெள்ளைக்காரர் அச்சடிச்சுச் சுவரிலை ஒட்டியிருக்கினம்."

ஏன் இந்தச் சட்டம் எண்டு ஆருக்காவது தெரியுமோ எண்டு படிப்பிக்கிறவ கேட்டாவாம். இவ கையை உயத்தி, "குடுத்தால் ரெண்டு பேருக்கும் சண்டை வரும்" எண்டாவாம். வகுப்பு முழுக்கச் சிரிச்சதாம். "விழுந்து உடைஞ்சுபோம், அதுதான் காரணம்" எண்டு அந்தப் பொம்பிளை திருத்தினாவாம். "உடைஞ்சால் சண்டை வரும் தானே" எண்டு இவ திருப்பிச் சொன்னாவாம். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிச்ச பிறகு கோவத்தை எப்பிடி வைச்சிருக்கிறது?

படிச்சு வைச்சிருந்தா எண்டு நினைக்காதேங்கோ. வருசமெல்லாம் மாறிப்போகும். ஊர்ப் பேருகள் வாயிலை வராது. ஆரும் கேள்வி கேட்டால் அட்டையைப் பாத்து வாசிப்பா, அட்டையிலை இல்லாட்டி "தெரியேல்லை, வடிவாய்ப் பாருங்கோ" எண்டு ஆங்கிலத்திலை சொல்லுவா. ஒருக்கா மேற்பார்வைக்கு இருந்த பிள்ளையிட்டை நல்ல பேச்சும் வாங்கினா. அண்டு ஒரு ஓட்டுத்துண்டு அவவின்ர கையிலையிருந்து மெத்தையிலை கொஞ்சம் சத்தமாய் வைபட்டுப்போச்சுது. பழக்கதோசத்திலை உடனை அதை எடுத்துக் கண்ணிலை ஒத்தினா, புத்தகத்திலை கால் பட்டால் நாங்கள் ஒத்திறம் தானே, அப்பிடி. முன்னாலை நிண்ட யப்பான்காரக் கிழவர் இதுவும் முறையாக்கும் எண்டு நினைச்சுத் தானும் எடுத்துக் கண்ணிலை ஒத்தியிருக்கிறார். அவருக்குப் பின்னாலை நிண்ட குடும்பமும் வரிசையாய் ஒத்தியிருக்குது. மேற்பார்வைப் பிள்ளை ஓடிவந்து, முகத்திலை முட்டக்கூடாது எண்டு அக்காவுக்கு ஒரு தனி வகுப்பு எடுத்ததாம். "அதுகள் எவ்வளவு பத்தியாய் ஒத்தினதுகள் தெரியுமோ" எண்டு அதையும் பெருமையாய்த்தான் சொன்னா.

ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனா. பெட்டி பெட்டியாய்ப் பானைகள். கறுப்புப் பூசி, ஆக்களை மட்டும் மண் நிறத்திலை விட்டிருக்குது. கண், உதடு, சீலை மடிப்பு எல்லாம் மயிர் மாதிரி மெல்லிசுக் கோட்டிலை. சிலதிலை நடுவிலை துண்டுகள் இல்லை, அந்த இடத்தைச் சும்மா மண்ணாலை நிரப்பி விட்டிருக்கினம். ஆம்பிளையள் கனபேருக்கு உடுப்பில்லை. நான் அந்தரப்பட்டு மற்றப் பக்கம் திரும்பினன். "ஓட்டப் போட்டியடி, வேர்க்கும் தானே" எண்டு அக்கா இழுத்துக்கொண்டு போனா.

அவ பானை பாக்கிற விதமே வேறை. சண்டைப் படம், குதிரைப் படம் ஒண்டிலையும் நிக்கமாட்டா. ஆர் ஆருக்கு என்ன குடுக்கினம் எண்டு மட்டும் பாப்பா. பாக்கப் பாக்க எனக்கும் அதுதான் தெரிஞ்சுது. ஒருத்தி இருக்கிறாள், இன்னொருத்தி அவளுக்கு ஒரு நகைப்பெட்டியை நீட்டுறாள். சிறகு வைச்ச ஒருத்தி ஓட்டத்திலை வெண்ட பெடியனுக்கு ஒரு நாடாவை நீட்டுறாள். ஒரு தாய் மகனுக்குத் தலைக்கவசத்தை நீட்டுறாள். அந்தப் பானைகளிலை பாதிச் சனத்துக்கு இதுதான் வேலை, ஏதோ ஒண்டை நீட்டிக்கொண்டு நிக்கிறது.

"கையைப் பார்" எண்டா அக்கா. "முட்டேல்லை. கீறினவன் நடுவிலை கறுப்பாய் ஒரு இடம் விட்டிருக்கிறான். எல்லாத்திலும் விட்டிருக்கிறான். அவனுக்கும் தெரிஞ்சிருக்கு."

ஒரு பானைக்கு முன்னாலை கனநேரம் நிண்டம். சண்டைக்குப் போற ஒருத்தன், ஈட்டியும் கேடயமுமாய். அவனுக்கு முன்னாலை ஒரு பொம்பிளை, கையிலை மூக்குச் செம்பு மாதிரி ஒண்டு. அவன் ஒரு தட்டையான கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிக்கிறான், அவள் ஊத்தப்போறாள். இன்னும் ஊத்தேல்லை. நான் அவள் தாய் எண்டன். பெண்சாதி எண்டால் முகத்தைப் பாப்பாள், இவள் செம்பைப் பாக்கிறாள், அழுதுபோடுவன் எண்ட பயத்திலை. இல்லை, பெண்சாதிதான் எண்டா அக்கா. தாய் எண்டால் இந்நேரம் எல்லாத்தையும் ஊத்திக் கொட்டியிருப்பாளாம். அட்டையிலை வெறுமனே "ஒரு பெண்" எண்டுதான் போட்டிருந்தது. எலிசபெத் லைன் ரெயினிலை இல்ஃபோர்ட் வருமட்டும் சண்டை. வீட்டுக்கு வந்து மனுசனுக்கு முன்னாலையும் சண்டை.

எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்த மனுசன் கடைசியிலை வாயைத் திறந்தார். "போனவன் திரும்பி வந்தவனோ?"

நாங்கள் ரெண்டு பேரும் அதை யோசிக்கவே இல்லை. "அது படத்திலை இல்லைத் தம்பி" எண்டா அக்கா. கொஞ்சம் பொறுத்து, கைப்பைக்குள்ளையிருந்து மியூசியத்துப் படத்தாளை எடுத்து மேசையிலை வைச்சா. "சனிக்கிழமை காலமை நான் மேசையிலை இருப்பன்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போட்டா. அந்தத் தாள் வெள்ளிக்கிழமை வரைக்கும் மேசையிலை கிடந்தது. நான் ஒண்டும் சொல்லேல்லை, சொல்லாமல் இருக்க என்ர நாக்கு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சனி விடிய அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டார். ஜக்கற்றும்தான்.

முதல் அந்தப் பானையைப் பாத்தார். தாய்தான் எண்டார். எனக்குச் சந்தோசம். பிறகு மேசைக்குப் போனம். மேசையிலை சாம்பல் நிற மெத்தை, அதிலை சில சாமானுகள். உடைஞ்ச ஒரு குடிக்கிற கோப்பையின்ர அடித்துண்டு, அதிலை செருப்புப் போட்ட ஒரு காலும் ஒரு உடுப்புக்கரையும் தெரிஞ்சுது. ஒரு விளக்கு, அதுவும் வாய் உடைஞ்சது. பக்கத்திலை ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி, கறுப்பாய்ப் பளபளவெண்டு. முழுசாய்க் கிடந்தது அது ஒண்டுதான்.

எங்களுக்கு முன்னாலை நிண்ட வெள்ளைக்காரச் சின்னப் பிள்ளை எடுத்துப் பாத்து வைச்சுப்போட்டு ஓடிச்சுது. அவர் கதிரையிலை இருந்தார். அக்கா அவரைத் தெரிஞ்ச மாதிரியே காட்டேல்லை. கோப்பைத் துண்டை அவருக்கு முன்னாலை வைச்சுக் கையை எடுத்தா.

இடக்கை வந்தது.

"ரெண்டு கையாலையும் எடுக்கவேணும் தம்பி. எல்லாருக்கும் அதுதான் சட்டம்."

அவர் இருந்தார். எங்களுக்குப் பின்னாலை பள்ளிக்கூடப் பிள்ளையள் வந்து நிறைஞ்சினம். நான் சொல்ல வாயெடுத்தன், வேண்டாம், எழும்புங்கோ, போவம் எண்டு. அவர் அக்காவைப் பாத்து மெல்லமாய்க் கேட்டார்.

"போட்டு உடைச்சால்?"

"அது உடைஞ்சு கனகாலம். இனிப் புதிசாய் நீர் உடைக்க என்ன கிடக்கு?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடைதான் வலக்கை பொக்கற்றுக்குள்ளையிருந்து வந்தது. நாலு பேருக்கு முன்னாலை அந்தக் கையை நான் கண்டு எவ்வளவு காலம். வெளிறிப்போய்க் கிடந்தது. ரெண்டு கையாலையும் துண்டை எடுத்தார். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், செருப்பின்ர வார், நகம், கரையிலை போட்ட கோலம் எல்லாத்தையும் பாத்தார். "நகம்கூடக் கீறியிருக்கிறான்" எண்டார். பாத்து முடிச்சு மெத்தைக்குக் கொண்டுவந்தார். இடக்கை விட்டுது. வலக்கை விடேல்லை.

விரல்கள் துண்டைச் சுத்திப் பூட்டினபடி நிண்டுது. அவர் திறக்கப் பாத்தார். கூட இறுகிச்சுது. நெத்தியிலை வேர்வை. ரெண்டாயிரத்தைந்நூறு வருசத்துச் சாமான் அவரின்ர பொத்தின கைக்குள்ளை. மேற்பார்வைப் பிள்ளை கண்டிட்டுது, மேசையடிக்கு வந்திட்டுது. நான் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனன், விரலைப் பிரிக்க.

"பிள்ளை, கையை எடு" எண்டா அக்கா.

அந்தக் குரலை நான் அதுக்கு முன்னம் கேட்டதில்லை. கையை எடுத்தன். சத்தியமாய்ச் சொல்லுறன், அந்த நேரம் எனக்கு அந்த மனுசியைப் பிடிக்கவே இல்லை. என்ர மனுசன் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு முன்னாலை அவமானப்பட்டுக்கொண்டு இருக்கிறார், இவ சட்டம் பேசுறா. மேற்பார்வைப் பிள்ளையைப் பாத்து அக்கா ஆங்கிலத்திலை சொன்னா, அவர் இன்னும் வைச்சு முடிக்கேல்லை எண்டு. அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கிச்சுதோ, பின்னாலை நிண்ட வரிசையைப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போச்சுது.

அக்கா துண்டைப் பாக்கேல்லை, கையையும் பாக்கேல்லை. "அந்த நகத்தை என்னத்தாலை கீறினவை எண்டு ஆரும் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது தம்பி" எண்டு சும்மா கதைச்சுக்கொண்டிருந்தா. "பூனை மயிர் மாதிரி ஒண்டாலை எண்டு நினைக்கிறன். தூரிகை கட்டுறவனுக்குத்தான் தெரியும்." அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேக்கக் கேக்கத் தோள் தளந்துது. சின்ன விரல் மெத்தையிலை பட்டுது. பிறகு அடுத்தது. பிறகு கனநேரம் ஒண்டும் நடக்கேல்லை. பிறகு மற்ற ரெண்டும் ஒண்டாய்த் திறந்துது. துண்டு மெத்தையிலை இருந்துது, சத்தமே கேக்கேல்லை.

நான் அழுதிட்டன். அவர் அழேல்லை. கையைப் பொக்கற்றுக்குள்ளை கொண்டுபோகாமல் மெத்தையிலேயே விரிச்சபடி வைச்சிருந்தார். கொஞ்ச நேரம் அதை ஆரோ வேறை ஆளின்ர கை மாதிரிப் பாத்தார். பிறகு குப்பியைக் கண்ணாலை காட்டினார்.

"அக்கா, அதை வையுங்கோ."

அது இன்னும் உடையாமல் முழுசாய்க் கிடக்கிற சாமான். அக்கா மேற்பார்வைப் பிள்ளை நிண்ட பக்கம் ஒருக்காப் பாத்தா. பிறகு குப்பியை ரெண்டு கையாலையும் எடுத்து அவருக்கு நேரை மெத்தையிலை வைச்சா. வைச்சுப்போட்டுக் கையை மடியிலை போட்டா. நானும் என்ர கையை மடியிலை போட்டன்.